இரண்டு பேருக்கு நான்கு டயர்

கார் ஒன்று, எங்கள் இருவருக்கும்.
வார நாட்களில் எனக்கு:
திரெந்தாவிலிருந்து கணவாய் ஏறி இறங்கி
யெசெனிட்சே மருத்துவமனைக்கு.
ஞாயிறுகளில் தம்பி யெர்னெய்க்கு:
மலையேற்றப் பந்தயம், கதவில் ஒட்டிய எண்,
உரித்தாலும் போகாத பசை.

மே மாதம் கணவாயைத் திறந்தார்கள்.
பழைய டயரின் பள்ளத்தில் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன்.
குளத்தில் இறங்கப் பயந்த பிள்ளைபோல்
முழுக்க வெளியே நின்றது.

அன்றிரவு சூப் கிண்ணங்களைத் தள்ளிவிட்டு
அவன் மேசையில் எழுதினான்: இருநூற்று இருபத்தைந்து.
கதவு விளிம்பில் அச்சடித்திருப்பது
இருநூற்று ஐந்து, நாற்பத்தைந்து, பதினேழு.
"இருபது மில்லிமீட்டர். ஒரு விரல் அகலம்தானே."
விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டாமா என்றேன்.
அந்த நாற்பத்தைந்து, அகலத்தில் நூற்றுக்கு நாற்பத்தைந்து.
அகலம் கூடினால் உயரமும் ஏறும்.
பக்கச் சுவர் இருமுறை, பதினேழு அங்குலம் ஒருமுறை,
பென்சில் கூட்டிச் சொன்னது:
பதினெட்டு மில்லிமீட்டர் பெரிய வட்டம்.
முள் நூறைக் காட்டும்போது
சாலை நூற்று மூன்றை வாங்கிக்கொள்ளும்.
முழுக்கத் திருப்பினால் சக்கரக் கூட்டை உரசும்.
"உரசினால் உரசட்டும்."
இப்படிச் சொன்னவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

எனக்கு மழை டயர் போதும் என்று சொல்லிவைத்திருந்தேன்:
ஆழமான வாய்க்கால்கள், சத்தமின்மை, நாற்பதாயிரம் கிலோமீட்டர்.
அவனுக்கு மென் ரப்பர்,
வெயில் தாரில் பிசினாக ஒட்டுவது,
ஒரு கோடைக்கு மேல் தாங்காதது.
அம்மா மட்டும் தொலைபேசியில்
"மலிவானது எது?" என்றாள்.

தாரிங்கா காரைத் தூக்கினாள்.
முன்சக்கரத்தைக் கழற்றிப் பெஞ்சில் கிடத்தி
தோள் விளிம்பில் விரலை ஓட்டினாள்.
ஒரு பக்கம் வழவழப்பு. திருப்பி ஓட்டினால்
பூனை நாக்கு.
"வளைவுகளில் யாரோ இதைக் கொன்றிருக்கிறார்கள்."
யெர்னெய் நெஞ்சை நிமிர்த்தினான். "நான்தான்."
"எத்தனை ஞாயிறு?"
"போன வருஷம் நான்கு. ஒவ்வொன்றிலும் மூன்று ஓட்டம்."
"அதற்கு இவ்வளவு தேயாது."
பிறகு என்னைப் பார்த்தாள்.
நான் சுவரில் பழைய நாட்காட்டியைப் படித்தேன்.
பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாட்கள். சரியாகத்தான் இருந்தது.

இரவுப் பணி முடிந்த விடியல்.
கையில் இன்னும் கிருமிநாசினி வாசம்.
ஐம்பது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் பலகை,
ஏறும் பக்கத்தில் கல் பாவியவை.
ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வரை
அன்றைய படுக்கைகளை ஒவ்வொன்றாக மறப்பேன்.
உச்சியில் செம்மறிகள், மூடுபனி.
இருபத்தைந்திலிருந்து எனக்குப் பெயரே கிடையாது.
இதை யாரிடமும் சொன்னதில்லை.
டயரிடமும் சொல்லவில்லை,
அது தானாகத் தெரிந்துகொண்டது.

"அளவு அதே," என்றாள் தாரிங்கா.
"சுமைக் குறியீடு எண்பத்தெட்டு. அதற்குக் கீழே இறங்காதே."
பக்கச் சுவரின் நான்கு இலக்கங்களைத் துடைத்துக் காட்டினாள்:
இந்த ஆண்டு, ஒன்பதாவது வாரம்.
"மழைக்கா, வேகத்துக்கா?"
கேள்வி தம்பியிடம் போகவில்லை.

நடுவில் ஒரு ரகம் இருந்தது,
ஈரத்தையும் பிடிக்கும், தோளும் மடங்காது.
விலையில்தான் நடு இல்லை,
இரண்டையும் கூட்டி வைத்திருந்தார்கள்.
அது, என்றேன்.
பூட்டிய வீட்டில் விளக்கு எரியக் கண்டவனாய்
யெர்னெய் என்னைப் பார்த்தான்.
"முக்கால் பணம் நீ கொடு."
கொடுத்தேன்.

"முதல் இருநூறு கிலோமீட்டர் பொறுமை,
அச்சிலிருந்து வந்த வழுக்கல் போகணும்."
போய்வரத் தொண்ணூற்றைந்து. இரண்டு நாள்.
இரண்டு நாளும் பால் வண்டிக்கு வழிவிட்டேன்,
ஓட்டுநர் கையசைத்தார், பாவம்.
மூன்றாம் நாள் விடியலில்
இருபத்தைந்தாம் பலகை நனைந்திருந்தது.
கண்ணாடியை இறக்கினேன்.